செத்துக் கிடந்ததற்கு ஒரு விருது

எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு கேடயம் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்து, "சிவராஜ் கபடியில வாங்குனதுங்களா?" என்று கேட்பார்கள். என் மாமனார் கிருஷ்ணப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இல்லிங்க, எங்க வீட்டம்மா செத்துக் கெடந்ததுக்குக் குடுத்தாங்க" என்பார். கேட்டவர் கேடயத்தைப் பட்டென்று கீழே வைத்துவிடுவார். சரியாக அந்த நேரத்தில் என் மாமியார் வெங்கடம்மாள் சமையலறையிலிருந்து காபித் தட்டோடு வருவார், உயிரோடு. மாமாவுக்கு இந்த விளையாட்டு இன்னும் சலிக்கவில்லை.

நான் இந்த வீட்டு மருமகள், ஜெயப்ரியா. பிறந்தது கல்லாவி. கல்யாணமாகிக் கன்னட எல்லையோரத்தில் இருக்கிற தளிப் பக்கம் வந்த புதிதில் எனக்கு இரண்டு சங்கதிகள் பழக ரொம்ப நாளானது. ஒன்று இங்கத்துக் குளிர், இன்னொன்று அத்தையின் வாய். தமிழில் ஆரம்பிப்பார், நடுவில் கன்னடத்துக்குத் தாவுவார், கோபம் வந்தால் தெலுங்கில் போய் முடிப்பார். விடிவதற்குள் சாமந்தித் தோட்டத்தில் நிற்பார். பறித்த பூவை மூட்டை கட்டி ஓசூர் பஸ்ஸில் ஏற்றும்போது லக்கேஜுக்காகக் கண்டக்டரோடு ஒரு சண்டை. திரும்பி வந்து தண்ணீர் காட்டும்போது மாட்டோடு ஒரு சண்டை. தூக்கத்தில்கூடப் புரண்டுகொண்டும் யாரையாவது திட்டிக்கொண்டும்தான் கிடப்பார். அசையாமல் படுத்திருந்ததற்குப் பரிசு என்றால், இந்த மாவட்டத்தில் கடைசியாகத்தான் அவர் பெயர் வந்திருக்க வேண்டும்.

அவர் சண்டை போடாத ஒரே ஆள் அவருடைய தங்கை மாதேஸ்வரி. பேச்சு இருந்தால்தானே சண்டை? பேச்சே அறுந்து போய் வருஷங்கள் ஆகியிருந்தன.

அத்தைக்குக் கூடப் பிறந்தவர் மாதேஸ்வரி மட்டும்தான். நான் சின்னத்தை என்று கூப்பிடுவேன். புருஷன் இறந்த பிறகு மத்திகிரியில் ஒற்றை அறை வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். பிள்ளை குட்டி கிடையாது. கான்ட்ராக்ட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறார். எங்கள் பக்கம் கான்ட்ராக்ட் வேலை எப்படியென்றால், காலையில் வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இன்றைக்கு எந்தக் கம்பெனி என்றே தெரியும். உள்ளே போகும்போது போனைக் கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்தால்தான் திரும்பக் கைக்கு வரும்.

இவர்களுடைய அம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஒரு நாள் காலையில் எழுப்பப் போனால் எழவில்லை, தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது. அத்தை தங்கைக்குப் போன் மேல் போன் போட்டார். மணி அடித்ததே தவிர எடுக்க ஆளில்லை. என் வீட்டுக்காரர் சிவராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு சிப்காட்டில் கேட் கேட்டாகப் போய் விசாரித்தார். எந்த செக்யூரிட்டிக்கும் மாதேஸ்வரி என்ற பெயர் தெரியவில்லை. ஊர்ப் பெரியவர்களோ பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். ஷிப்ட் முடிந்து, போனைப் பார்த்து, பஸ் பிடித்துச் சின்னத்தை வந்து இறங்கியபோது நாங்கள் வீடு கழுவிக்கொண்டிருந்தோம்.

"அம்மா மொகத்தக் கடைசியா ஒரு தரம் பாக்க வுடாம பண்ணிட்ட இல்ல? இனி உன் சாவுக்குக்கூட நான் வரமாட்டன்" என்று தெருவில் நின்று சொன்னார். அத்தைதான் சும்மா விடுகிற ஆளா? "வராத, போ" என்றுவிட்டார்.

இதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சவால் விட்டவர்கள் முதல் பந்தியிலேயே உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சாவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் உறவை அறுத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம். இரண்டு பேரில் யார் மேல் தப்பு என்று கேட்டால் எனக்கு அந்த வேன் மேலும், கேட்டில் போனைப் பூட்டி வைக்கிற பெட்டி மேலும்தான் கோபம் வருகிறது.

இப்போது சினிமாவுக்கு வருகிறேன். தினேஷ்குமார் என் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கிறவர். ஆறு நாள் மெஷின் ஓட்டுவார், ஏழாவது நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவார். அவரும் நாலைந்து கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தார்கள். கம்பெனியில் வேலை செய்கிற ஒருவன், அம்மா செத்த சேதி கேட்டு வீட்டுக்கு வருகிறான், அந்த ஒரு பகல் சாவு வீட்டில் நடப்பதுதான் கதை. எங்கள் வீட்டு முன்னால் இடம் தாராளமாக இருந்ததால் இங்கேயே எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாசலில் பந்தல் போடுவதும் பிரிப்பதுமாக இருந்தது. தெரியாமல் அந்த வழியாக வந்த உரம் விற்கிறவர் ஒருவர் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

எல்லாம் எடுத்தாகிவிட்டது, பிணம்தான் பாக்கி. அதற்கு மட்டும் ஆள் அகப்படவில்லை. ஓசூரில் நாடகம் போடுகிற அம்மா ஒருவரைப் பேசிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவோம், நெற்றியில் காசு வைப்போம் என்றதும், "பையனுக்கு இப்பதான் பொண்ணு பாத்திருக்கன் சாமி" என்று கும்பிட்டுவிட்டு வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போய்விட்டார். எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்த தினேஷுக்கு ஒரு வீட்டில் விளக்குமாறு காட்டினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் காக்கா வந்தது. தோட்டத்தில் குனிந்து பூ பறித்துக்கொண்டிருந்த அத்தையின் தலையில் ஒரு காக்கா இறங்கி, நன்றாகத் தட்டிவிட்டுப் போனது. அத்தை அதைத் தெலுங்கில் திட்டிக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தார். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

காக்கா தலையில் தட்டினால் சனி, உயிருக்கு ஆகாது என்பார்கள். அதற்குப் பரிகாரமும் வைத்திருக்கிறார்கள். தட்டு வாங்கியவர் செத்துவிட்டதாகப் பிறந்த வீட்டுக்குப் பொய்ச் சேதி சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அவர்கள் அழ வேண்டும். அழுது முடிக்கிற அளவுக்கு நேரம் விட்டு, மறுபடி கூப்பிட்டு, "பொய்தாங்க, காக்கா தட்டிருச்சு" என்று சொல்லிவிடலாம். வரவிருந்த சாவு அந்த அழுகையோடு கழிந்துவிடும். அழுதவர்களும் கோபித்துக்கொள்ளாமல் நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்த வேண்டும். எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். கல்லாவியில் எங்கள் பெரியப்பா இப்படி இரண்டு தடவை செத்தவர், இன்றைக்கும் மூன்று வேளையும் கொட்டிக்கொள்கிறார்.

அத்தைதான் இரண்டையும் முடிச்சுப் போட்டார். "தினேசுக்கு ஒரு பொணம் வேணும். நான் பொய்யாச் சாவணும். வுடு, நானே படுத்துக்கறன்."

அதற்கு ஏகப்பட்ட நிபந்தனை. மூக்கில் பஞ்சு வைக்கக் கூடாது, மூச்சு முட்டும். பொட்டும் பூவும் அப்படியே இருக்க வேண்டும், செத்தாலும் சுமங்கலியாகத்தான் சாவேன். தலைமாட்டு விளக்கு நல்லெண்ணெயில் எரிய வேண்டும். தினேஷ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். விளக்கு எரிய நெய்யே வேண்டும் என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பார்.

"படுத்தா மட்டும் ஆச்சா? பொறந்த வூட்டுக்குச் சேதி போவணுமே" என்றார் மாமா.

பிறந்த வீடு என்று சொல்ல மிச்சம் இருந்தது மாதேஸ்வரிதான். அத்தை தொடுத்துக்கொண்டிருந்த பூவிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொல்லித்தான் பாருங்களேன். அவ எங்க அழப்போறா" என்றார்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. காக்காவைப் பற்றி அத்தைக்கு ஒரு கவலையும் இல்லை. நான் செத்தால் அவள் அழுவாளா? அத்தைக்குத் தெரிய வேண்டியது இந்த ஒன்றுதான். இதைத் தங்கையிடம் நேராகப் போய்க் கேட்க எந்த அக்காவுக்கு வாய் வரும்? மூன்று மொழி பேசினாலும் வராது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாம் தயார். அத்தைக்குப் பட்டுச் சேலை கட்டி, மாலை போட்டு, கால் விரலைக் கட்டிப் பாயில் உட்கார வைத்திருந்தோம். சிவராஜ் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு மத்திகிரிக்குப் போன் செய்தார்.

"சின்னம்மா, நான் சிவராஜ். அம்மா... அம்மா போயிட்டாங்க சின்னம்மா."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு எதுவோ தரையில் விழுந்தது. போன் நின்றுவிட்டது.

முறைப்படி கொஞ்ச நேரம் விட்டு, உண்மையைச் சொல்லத் திரும்பக் கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டோம், மறுபடியும். எடுக்கவில்லை.

"எடுக்கலியா?" என்றார் அத்தை.

"இல்லம்மா."

"வுடுடா. சொன்ன சொல்லக் காப்பாத்தறா" என்று சொல்லிவிட்டு அத்தை பாயில் சாய்ந்துகொண்டார். நான் நெற்றியில் காசை வைத்தேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. நடிக்க வேண்டிய வேலையே அவருக்கு மிச்சமில்லை.

நாங்கள் செய்த தப்பு இதுதான். போனிலேயே அழுது போனிலேயே முடிகிற பரிகாரம் இது. சேதி கேட்டவர் போனை அடுப்படியில் போட்டுவிட்டு ஓடிவருவார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுவும் சாவுக்கு வரமாட்டேன் என்று தெருவில் நின்று சொன்னவர்.

படப்பிடிப்பு ஆரம்பித்தது. பேசி வைத்திருந்தபடி தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, தினேஷ் இரண்டு தடவை நிறுத்தி எடுத்தார். அத்தை அசையவில்லை. மூன்றாவது தடவை கேமரா ஓடும்போது தெருமுனையில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

சின்னத்தை நைட்டியோடு வந்தார். மேலே ஒரு துண்டு. காலில் செருப்பு இல்லை. பந்தலையும் கூட்டத்தையும் பார்த்ததும், கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் அவருக்குப் போயிருக்கும். கேமராவைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த பெண்களைத் தள்ளிக்கொண்டு வந்து அத்தையின் மார்பில் விழுந்தார்.

"ஏளு அக்கா... ஏளு..."

எழுந்திரு என்பதற்குக் கன்னடம். கன்னடம் தெரியாத கல்லாவிக்காரி எனக்கே அது அன்றைக்குப் புரிந்தது.

"அம்மாவப் பாக்க வுடலன்னுதானே கோவிச்சிக்கிட்டன், நீ போவணும்னு சொன்னனா? ஒரு தரம் வந்து என்னத் திட்டியிருக்கக் கூடாதா? நீ இங்க இருக்கற, இருக்கறன்னுதானே நான் அங்க தனியாக் கெடந்தன். இனி நான் யாரு மேல அக்கா கோவிச்சிக்குவன்? ஏளு அக்கா..."

அழப் பேசி வைத்திருந்த பெண்கள் பொய் அழுகையை நிறுத்திவிட்டு நிஜமாகவே அழ ஆரம்பித்தார்கள். நான் ஓடிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன், எழுந்த இடத்திலேயே அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். சிவராஜ் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தினேஷ் கட் சொல்லவில்லை. கேட்டால் மறந்துவிட்டேன் என்கிறார், இருக்கலாம்.

அத்தையும் எழவில்லை. அதுதான் எனக்கு அன்றைக்கு ஆறவே இல்லை. ஒருத்தி மேலே விழுந்து கதறுகிறாள், இவர் பேசாமல் படுத்துக் கிடக்கிறார். கடைசியில், தங்கைக்கு அழுது அழுது இருமல் வந்த பிறகுதான் கண்ணைத் திறந்து, "மாதேசு, அழாத" என்றார்.

சின்னத்தை அலறிக்கொண்டு பின்னால் விழுந்தார். பிறகு மாமா காக்கா கதையைச் சொன்னார். சின்னத்தை கேட்டுக்கொண்டே சுற்றிப் பார்த்தார். கேமரா, லைட்டுக்குப் பிடித்த வெள்ளைத் துணி, டீ கேன், அக்காவின் கால்கட்டு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எழுந்து, நைட்டியில் ஒட்டியிருந்த பூவைத் தட்டிவிட்டார்.

"நல்லா இரு" என்றார். பரிகாரத்தில் சொல்ல வேண்டிய வார்த்தை அது. அவர் சொன்ன விதத்தில் அது வாழ்த்தாகக் கேட்கவில்லை. "இனி நீ நெஜமாவே போனாலும் நான் நம்பமாட்டன்."

நின்றிருந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நான் அத்தையிடம் சண்டைக்கே போய்விட்டேன். "ஏன் அத்தை ஒடனே எந்திரிக்கல? கல்லா நீங்க?"

அத்தை திருப்பித் திட்டவில்லை. எனக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை. பிறகு, "எந்திரிச்சா நிறுத்திடுவா ஜெயா. இன்னும் கொஞ்சம் கேக்கணும்னு இருந்துச்சு" என்றார்.

மாதேஸ்வரி ஒத்துக்கொள்ளாமல் அந்தக் காட்சியைப் படத்தில் சேர்க்கக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தினேஷ் மத்திகிரி கூட்ரோட்டில் வேன் வருகிற நேரத்துக்குப் போய் நின்று கேட்டார். சின்னத்தை சொன்னதை அவர் வந்து அப்படியே சொன்னார்: "காட்டிக்கோ தம்பி. நான் அவளுக்கு அழுதது ஊருக்கே தெரியட்டும். நான் அந்தக் கதறு கதறறன், அவ காதுல வாங்கிக்கிட்டு மரக்கட்டையாட்டம் கெடந்தா பாரு, அதையும் சேத்துக் காட்டு."

அதன் பிறகு பூ மூட்டையோடு ஓசூர் போகும்போதெல்லாம் அத்தை மத்திகிரியில் இறங்கினார். கதவு திறக்கவில்லை. ஜன்னல் கம்பியில் ஒரு முழம் சாமந்தியைச் சுற்றிவிட்டு வந்துவிடுவார். அடுத்த தடவை போகும்போது அது காய்ந்து அதே கம்பியில் தொங்கும். அதை எடுத்துவிட்டுப் புதுசைச் சுற்றுவார்.

அடுத்த வருஷம் ஓசூரில் எல்லையோரப் பன்னாட்டுத் திரைப்பட விழா என்று ஒன்று நடத்தினார்கள். கம்பெனிகளில் வேலை செய்கிற சினிமாப் பைத்தியங்கள் சேர்ந்து நடத்துகிற விழா. பன்னாட்டு என்றதும் நான்கூடச் சிரித்தேன். நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முதல் நாள் நடந்த கல்யாணத்தின் பெண் மாப்பிள்ளை பெயர் வாசலில் பூவில் அப்படியே இருந்தது. ஆனால் உள்ளே போனால் நிஜமாகவே ஈரானிலிருந்தும் எங்கெங்கோ இருக்கிற நாடுகளிலிருந்தும் படங்கள் வந்திருந்தன. நடுவர்கள் மூன்று பேர். இலங்கையிலிருந்து வந்த பெண் இயக்குநர் ஒருவர், கேரளத்து எடிட்டர் ஒருவர், பெங்களூரில் சினிமா சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் ஒருவர்.

தினேஷின் படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது என்று கடைசி நாளுக்கு முதல் நாளே சேதி வந்துவிட்டது. அதுவும் படம் எடுத்தவருக்கு இல்லாமல் பிணமாக நடித்த வெங்கடம்மாளுக்குப் போனது. அத்தை நம்பவில்லை. "கண்ண மூடிப் படுத்ததுக்கா? அப்ப உங்க மாமாவுக்கு எத்தன குடுக்கணும்?" என்றார்.

ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. "அழுதவ அவ. அவளுக்கில்ல குடுத்திருக்கணும். இதுவும் சேந்து இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டா" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டுவிட்டு நானே மத்திகிரிக்குப் போய்க் கூப்பிட்டேன். வரமுடியாது என்று சின்னத்தை கதவைப் பாதி திறந்தபடியே சொல்லி அனுப்பிவிட்டார்.

அவரை வரவைத்தது நானோ விருதோ இல்லை. அவரோடு வேன் ஏறுகிற பிள்ளைகளுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. தங்களோடு லைனில் நிற்கிற அக்கா சினிமாவில் வருகிறார் என்றால் விடுவார்களா? விழாவன்று ஷிப்ட் முடிந்து யூனிபார்மைக்கூட மாற்றாமல், ஷேர் ஆட்டோ பிடித்து, அவரையும் இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் அத்தையோடு உட்கார்ந்திருந்த எங்களுக்கு இது தெரியாது.

விருது கொடுக்கும் முன் படத்தைப் போட்டார்கள். அத்தையோ நாங்களோ அதுவரை பார்த்ததில்லை. தன் சாவு வருகிற இடம் வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "முடிஞ்சா சொல்லு" என்றார். நான் பார்த்தேன்.

நைட்டியில் சின்னத்தை வந்து விழுந்தார். ஏளு அக்கா, ஏளு. சின்னத்தையின் தலை அத்தையின் மார்பில் புதைந்திருந்தது. திரை முழுக்க அத்தையின் முகம் வந்தது. மூடின கண்ணின் ஓரத்தில் எதுவோ மினுங்கியது. கொஞ்சம் நின்றது. பிறகு உருண்டு காதோரமாக இறங்கி, தலைமுடிக்குள் போனது. பின்னாலேயே இன்னொன்று. உதடு அசையவில்லை, இமை துடிக்கவில்லை, நெற்றிக் காசு நகரவில்லை. கண்ணீர் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

நான் அன்றைக்கு அந்தப் பந்தலில் பக்கத்தில் நின்றவள். எனக்கு அது தெரியவில்லை. யார் கண்ணும் அத்தை முகத்தில் இல்லை, எல்லாரும் அழுகிறவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அத்தையை மேடைக்கு ஏற்றினார்கள். இலங்கை அம்மா மைக்கைப் பிடித்தார். "இந்த விருதுக்காக நாங்கள் மூன்று பேரும் நன்றாகச் சண்டை பிடித்தோம்" என்று ஆரம்பித்தார். செத்தவள் கண்ணில் கண்ணீர் வருவது பிழை, எடிட்டிங்கில் வெட்டியிருக்க வேண்டும் என்று எடிட்டர் சொன்னாராம். அதை வெட்டினால் படத்தில் என்ன இருக்கிறது என்று இவர் கேட்டாராம். வாத்தியார் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, மறுபடி போட்டுப் பார்ப்போம் என்றாராம். மறுபடி பார்த்தபோது எடிட்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, கொடுத்துவிடலாம் என்றாராம்.

"அம்மா, அந்த நேரத்தில் அந்தக் கண்ணீரை எப்படி வரவழைத்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு மைக்கை அத்தையிடம் கொடுத்தார்.

அத்தை திடுக்கிட்டுப் போனார். "யாரு, நானா? நான் அழலியே!"

மண்டபம் சிரித்தது. அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. மைக்கை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டு, "இல்லிங்க, தூசி வுழுந்திருக்கும். பந்தல்ல ஒரே தூசிங்க" என்றார்.

"பொய் சொல்லாத அக்கா!"

கடைசி வரிசையிலிருந்து வந்தது குரல். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். நீல யூனிபார்ம் போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் சின்னத்தை எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"நான் இப்பதான் பாத்தன். தூசியா அது? தூசியா?"

அத்தை மைக்கை யாரிடம் கொடுத்தார் என்று தெரியவில்லை. கேடயத்தை யார் வாங்கினார்கள் என்றும் தெரியவில்லை, தினேஷாக இருக்கும். மேடைப் படியில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தை இறங்கியதுதான் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் நடு வழியில் எதிரெதிரே வந்து நின்றார்கள். கட்டிப்பிடிக்கவில்லை, அதெல்லாம் எங்கள் வீட்டில் பழக்கமில்லை. சின்னத்தை அத்தையின் தோளில் பட்டென்று ஒரு அடி வைத்தார். "பொணம் அழுவுமா? எனக்கு வரவேண்டியத நீ வாங்கிட்ட" என்றார். அத்தை, "நீயே எடுத்துக்கோ, போ" என்றார். அதற்குள் லைன் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு செல்பி எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

விழா முடிந்து சாப்பாட்டுக் கூடத்தில் டீயும் பஜ்ஜியும் கொடுத்தார்கள். நான் ஒரு தட்டில் வாங்கிக்கொண்டு இரண்டு பேரையும் தேடினேன். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை பேசிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். பேசியது சின்னத்தை.

"அம்மா மொகம் எப்பிடி இருந்துச்சு அக்கா?"

இத்தனை வருஷத்தில் இதைக் கேட்கவும் முடியாமல், யாரும் சொல்லவும் இல்லாமல் அவர் இருந்திருக்கிறார்.

அத்தை மெதுவாகச் சொன்னார். "தூங்குன மாதிரிதான் இருந்தா. வலி ஒண்ணும் பட்டிருக்க மாட்டா. கண்ணு மூடித்தான் இருந்துச்சு. வாய் மட்டும் கொஞ்சம் தெறந்திருந்துச்சு, நான்தான் மூடுனன்."

"சூடு இருந்துச்சா?"

"இருந்துச்சு. கன்னத்துல கொஞ்சம் இருந்துச்சு."

"எந்தக் கையால மூடுன?"

அத்தை பூ நார் கறை ஏறின வலது கையை நீட்டினார். சின்னத்தை அதை இரண்டு கையாலும் வாங்கி, தன் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பஜ்ஜித் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிட்டேன்.